பொட்டு வைத்த டப்பா

என் மகள் கம்ப்யூட்டரில் எழுதுகிறாள். ரேஷன் கார்டு தொலைந்தால் என்ன செய்வது, பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக இருந்தால் எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் போய் நிற்பது, முதியோர் பென்ஷனுக்கு என்னென்ன நகல் எடுத்துப் போவது என்று ஊர்க்காரர்களுக்கு உபயோகமான சங்கதிகள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கட்டணம் கிடையாது. கடைசியில் மட்டும் ஒரு சின்னக் கட்டம் போட்டு, 'இது உங்களுக்கு உதவியிருந்தால் விருப்பப்பட்டதை அனுப்புங்கள்' என்று வைத்திருக்கிறாள். போன மாதம் அதை என்னிடம் காட்டி, "சும்மா கெடைக்கிறதுக்கு எவம்மா காசு குடுப்பான்?" என்று என்னையே கேட்டாள்.

"குடுப்பாங்க. ஆனா நீ நெனைக்கிற மாதிரி குடுக்க மாட்டாங்க" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் சொல்லும் காலத்தில் அவள் பிறந்திருக்கவில்லை. உட்காரவைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத எழுதி வைம்மா" என்றாள். எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கோரிமேட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எங்களுக்கு ஒரு பெட்டிக்கடை இருந்தது. என் வீட்டுக்காரர் மில்லில் தறி ஓட்டியவர். ஆள் குறைத்தபோது கைக்கு வந்த பணத்தில் போட்ட கடை அது. விடிந்ததும் எங்கள் வீடு இருந்த சாரத்திலிருந்து சைக்கிளில் வருவோம், நான் பின்னால் கேரியரில், மடியில் பன் கூடை. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம். சோடா, கலர், வாழைப்பழம், பீடி, சோப்பு, மஞ்சள் கிழங்கு, கற்பூரம் எல்லாம் உண்டு. பக்கத்துக் கடை ஸ்டவ் பாயுடையது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்து தங்குகிறவர்கள் மரத்தடியில் கஞ்சி வைத்துக்கொள்ள மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் நாள் வாடகைக்குக் கொடுப்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்பார், வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

எதிரே பெரிய ஆஸ்பத்திரி. விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ பஸ் வந்து நிற்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு இல்லை, அதற்காகவே இறங்குகிற ஆண்களும் உண்டு. அவர்களுக்கு வழி கேட்கும் அவசியமே இருந்ததில்லை. மற்றவர்கள் எல்லோரும் இறங்கியதும் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். டாக்டரைப் பார்க்கச் சீட்டு எங்கே போடுவது? எத்தனை மணிக்குள் போடணும்? எலும்பு முறிவுக்கு எந்தப் பக்கம்? குடிக்கத் தண்ணீர் எங்கே? ஊருக்குக் கடைசி பஸ் எப்போது? கேள்வி அதேதான், கேட்கிற வாய்தான் வேறு வேறு.

எனக்குப் பொறுமை கம்மி. இதை என் வீட்டுக்காரர் சொன்னால் சண்டைக்குப் போவேன், நானே சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள் ஒரு ஆள் வந்து சீட்டு எங்கே போடுவது என்று கேட்டார். சொன்னேன். ரோட்டைப் பாதி தாண்டிவிட்டுத் திரும்பி வந்து அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவையும் வந்தார்.

"காதுல என்னா பஞ்சு வச்சிருக்கியா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "புள்ள உள்ள கெடக்கறாம்மா. காதுல ஒண்ணும் ஏற மாட்டுது" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அந்த ஆளைக் கையோடு கூட்டிப்போய்ச் சீட்டு போடுகிற இடத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். அன்றைக்கே ஒரு பலகையை வாங்கி எல்லாக் கேள்விக்கும் பதிலைச் சாக்பீஸால் எழுதிக் கடை முன்னால் சாய்த்து வைத்தேன். இரண்டே நாள். மழையில் பாதி போனது, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முதுகு பட்டு மீதி போனது. தவிரவும் பலகையை யாரும் ஆஸ்பத்திரிக்குள் தூக்கிப் போக முடியாது. உள்ளே போன பிறகல்லவா எல்லாம் மறந்துபோகிறது? அப்போதுதான் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

சாரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மதாம் டைப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். தமிழ்க்காரர்தான், பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். வீட்டில் பிரெஞ்சு, எங்களிடம் தமிழ், பிள்ளைகளை அதட்டும்போது இரண்டும் கலந்து வரும். அவரிடம் பிரதி எடுக்கும் மெஷின் இருந்தது. மெழுகுத் தாளில் இரும்புப் பேனாவால் கீறி எழுதிக் கொடுத்தால், மை தடவிக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒவ்வொரு தாளாக வந்து விழும். "நல்லா பாத்து எழுது. அப்பறம் மாத்தணும்னா புது மெழுகுத் தாள், புதுக் காசு" என்றார். நான் எட்டாவது வரை படித்தவள். நாலு நாள் அடித்தடித்து எழுதிப் பார்த்து, ஐந்தாவது நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெழுகுத் தாளில் கீறினேன். முதல் தாள் வந்து விழுந்ததும் மதாம் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "வொய்லா" என்றார். அர்த்தம் கேட்கவில்லை. நல்ல வார்த்தை என்று முகத்திலேயே தெரிந்தது.

அந்தத் தாளின் கடைசி வரிகள் இன்னும் எனக்கு மனப்பாடம். 'வழி தெரியவில்லை என்றால் பயப்படாதீர்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டவ் கடைக்குப் பக்கத்துக் கடையில் கேளுங்கள். ஆனால் முதலில் இதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.'

தாள் கட்டைக் கடை முன்னால் வைத்த முதல் வாரத்தில் ஒரு காட்சி பார்த்தேன். காக்கி டவுசர் போட்ட ஒருத்தர் புங்கமரத்தடியில் உட்கார்ந்து என் தாளைச் சத்தமாகப் படிக்கிறார். சுற்றிலும் ஆறேழு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிழவர் 'அந்தத் தண்ணிக் கொழா சமாச்சாரத்த இன்னோரு வாட்டி படிப்பா' என்கிறார். நான் வாழைப்பழத்தை எடை போடுவதை விட்டுவிட்டு நின்றேன். அதுவரை நான் எழுதியதென்று பார்த்தால் பரீட்சையும், சீட்டுக் கம்பெனிக்குப் போட்ட ஒரு கையெழுத்தும்தான். என் எழுத்தை ஒருத்தர் படிக்க நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரருக்குச் சோறு நன்றாகவே இறங்கியது. இரண்டாவது கட்டும் தீர்ந்து மூன்றாவதற்கு நான் கல்லாவில் கையை வைத்தபோதுதான் பேசினார். அவருக்கு ஒரு ஐஸ் பெட்டி வாங்க வேண்டும் என்று ஆசை. வெயிலில் இறங்குகிறவன் சூடான கலரைக் குடிப்பானா என்பது அவர் கட்சி. நியாயந்தான்.

"இந்தா பாரு, நான் வேணாங்கல. ஆனா கடக் காசுல இதோட சரி. தாளு தனக்குத் தானே சம்பாரிச்சிக்கட்டும். பொங்கல் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பேப்பர் காசு அதுலயே வரலன்னா நிறுத்திடு, ஐஸ் பெட்டி வாங்கிடலாம்."

"வரும்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான்.

தாளை விற்கலாமே என்று பாய் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. பஸ்ஸிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறவளிடம் முதலில் காசை எடு, பிறகு வழி சொல்கிறேன் என்பதா? ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் உளியால் ஒரு துளை போட்டேன். 'தாள் இலவசம். விருப்பம் இருந்தால் போடவும்' என்று எழுதி ஒட்டித் தாள் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பத்து நாள் கழித்துத் திறந்தேன். பஸ் டிக்கெட், வேர்க்கடலைத் தோல், ஒரு சட்டைப் பொத்தான், அணைத்த பீடித் துண்டு, ஒரு பத்துப் பைசா. அந்தப் பத்துப் பைசாவும் பாய் போட்டது என்று பிறகு தெரிந்தது.

"தங்கச்சி, பொத்தான எங்கிட்ட குடு. என் சட்டையில ஒண்ணு கொறையுது" என்றார் பாய்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டப்பாவை ரோட்டில் வீசியிருப்பேன். தாளை மட்டும் வாங்கிக்கொள்ளத் தெரிகிறது, மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிகிறது, நாலணா போடத் தெரியவில்லையா? வீட்டுக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. எல்லாக் கடையிலும் நடப்பதுதான். கடையைக் கழுவி, தராசு, எடைக்கல், கத்தி, கல்லாப் பெட்டி, சோடா உடைக்கிற கட்டை, சைக்கிள் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். வரிசையில் டப்பாவும் நின்றது. அதுவும் என் வேலைக்கான சாமான்தானே? அதற்கும் பெரிய பொட்டாக ஒன்று வைத்து, மிஞ்சிய சாமந்திப் பூவை மூடியின் மேல் செருகிவிட்டேன். ஒரு யோசனையும் இல்லாமல் செய்தது.

மறுநாள் காலை ஒரு பெரியவர் டப்பாவுக்கு முன்னால் வந்து செருப்பைக் கழற்றினார். ஒரு தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாலணா போட்டார். அவருக்குப் பின்னால் வந்த அம்மாள் எட்டணா. சாயங்காலத்துக்குள் டப்பா குலுங்கியது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே ஆனந்தமாக இருந்தது.

வாரக் கடைசியில் திறந்தேன். சில்லறைக்கு நடுவில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தால் முடிச்சு. மஞ்சள் தேய்த்த துணியில் ஒரு ரூபாய் முடிந்திருந்தது. ஒன்றல்ல, எண்ணிப் பார்த்தால் ஏழு.

கையிலிருந்ததைச் சட்டென்று மடியில் போட்டுவிட்டேன். எதனாலென்று சொல்லிவிடுகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் தம்பிக்கு விஷ ஜுரம். என் அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சுவரில் ஆணியில் மாட்டினாள். பிள்ளை பிழைத்தால் மேல்மலையனூர் அம்மனுக்கு என்று. பிழைத்தான். கோயிலுக்குப் போகப் பல மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை வீட்டில் இரண்டு நாள் அரிசி இல்லை. அப்பா அந்த ஆணியை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் பசியோடு படுத்தோம், முடிச்சில் யாரும் கை வைக்கவில்லை. அது சாமி காசு. அப்படி வளர்ந்தவள் நான். இப்போது ஏழு சாமி காசு என் மடியில் கிடக்கிறது. நான் வைத்த பொட்டைப் பார்த்து என் டப்பாவை உண்டியல் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

"ஜெயிச்சிட்ட போ. பேப்பர் காசு வந்துடிச்சி" என்றார் வீட்டுக்காரர்.

"இத எடுக்க முடியாதுங்க."

"ஏன்?"

"சாமிக்கு முடிஞ்ச காசுல பேப்பர் வாங்கச் சொல்றீங்களா?"

அவரும் முடிச்சுகளைப் பார்த்தார். தொடவில்லை. "அப்ப சில்லறைய மட்டும் கணக்குல வை" என்று எழுந்து போய்விட்டார். சில்லறை அரைக் கட்டுத் தாளுக்குக்கூடக் காணாது.

எந்தக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? யார் எந்தச் சாமிக்கு நேர்ந்தார்களோ, யார் கண்டது? பாயிடம் கேட்டேன்.

"மஞ்சத் துணின்னா உங்க ஆளுங்கதான்னு சொல்ல முடியாது, தங்கச்சி. நம்ம தர்காவுக்கும் முடிஞ்சி எடுத்துட்டு வராங்க, மாதா கோயிலுக்கும் போடறாங்க. நீ பேசாம கடைய இடிச்சிட்டு மூணு பேருக்கும் சேத்து ஒண்ணு கட்டிடு. நான் ஸ்டவ்வ எடுத்துட்டு ஓரமா தள்ளிக்கறேன்."

அவருக்கு எல்லாம் சிரிப்பு. அன்றே டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பொட்டும் போயிற்று, பூவும் போயிற்று. 'இது உண்டியல் அல்ல' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். முடிச்சுகளை ஒரு தூக்குச் சட்டியில் போட்டு மூடிக் கற்பூர டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். யாராவது தேடி வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

யாரும் தேடி வரவில்லை. டப்பாவில் மறுபடியும் பஸ் டிக்கெட் விழ ஆரம்பித்தது. வேர்க்கடலைத் தோலும் விழுந்தது. அவ்வப்போது ஒரு பத்துப் பைசா, எப்போதாவது ஒரு மஞ்சள் முடிச்சு. கார்த்திகை போய் மார்கழி வந்தது. தாள் கட்டு தினம் தினம் இளைத்துக்கொண்டே வந்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் சாயங்காலம் டவுனுக்குப் போய் ஐஸ் பெட்டிக்கு விலை விசாரித்துவிட்டு வந்தார். என்னிடம் சொல்லவில்லை, கலர் வண்டிக்காரன் சொல்லித்தான் தெரியும். எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. உள்ளே திரும்பிக்கொண்டு அழுதேன். அந்தத் தாள் நின்றுபோனால் ஊர் ஒன்றும் முழுகிவிடாது, வாய் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஆனால் எனக்கென்று நான் செய்த காரியம் அது ஒன்றுதான். அது போய்விடும்.

போகி வருவதற்கு நாலைந்து நாள் இருக்கும். மத்தியான வெயிலில் ஒரு பெண்பிள்ளை கடை முன்னால் குனிந்து எதையோ தேடினாள். முப்பது வயது இருக்கும். தோளில் மூட்டை, கையில் ஒரு தூக்கு. சற்றுத் தள்ளி பெஞ்சில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு ஆள், அவள் புருஷன், பன் தின்றுகொண்டே முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பொட்டு வச்ச டப்பா ஒண்ணு இருந்திச்சே, எங்க?" என்றாள்.

டப்பாவைக் காட்டினேன். "இது இல்ல" என்று முதலில் தலையை ஆட்டினாள். பிறகு பக்கத்தில் இருந்த தாள் கட்டைப் பார்த்துவிட்டு, முந்தானையை அவிழ்த்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்தாள். துளைக்குள் போடப் போனபோது எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இத்தனை நாளில் முதல் தடவையாக ஒருத்தி கையும் களவுமாக அகப்பட்டாள்.

"எந்த சாமிக்கு முடிஞ்சது இது? அந்தக் கோயில்ல போய்ப் போடும்மா. இது உண்டியல் இல்ல, வெறும் பிஸ்கட் டப்பா. பொட்டு நான் தெரியாத்தனமா வச்சது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாமிக்குன்னு யாரு சொன்னது?"

"பின்ன?"

"இந்தத் தாளுக்கு. போன தடவ இவர தூக்கிக்கினு வந்து எறங்கினப்ப எனக்குக் கண்ணு தெரியல, காது கேக்கல. படிக்கவும் தெரியாது. ஒரு காலேஜ் பொண்ணு இத படிச்சி சொல்லிச்சி. நேரா எலும்பு டாக்டரு இருக்கற எடத்துக்குப் போனோம், சீட்டு குடுக்கறது முடியறதுக்குள்ள போயிட்டோம். அன்னிக்கு ஒண்ணு முடிஞ்சி போட்டேன். நல்லபடியா ஊருக்குத் திரும்பும்போது இன்னொண்ணு போடறேன்னு சொல்லியிருந்தேன்."

"யாருகிட்ட சொன்ன?"

"தாளுகிட்டதான்."

ஆனாலும் விடவில்லை. "அப்ப ஏன் முடிச்சி போடற? சும்மா போட்டா ஆவாதா?"

"முடிஞ்சி வெக்கலன்னா காசு நிக்குமாம்மா எங்கிட்ட? டீக்குப் போவும், இவரு பீடிக்குப் போவும். தனியா எடுத்து வச்சா முடிஞ்சிதான் வெப்போம். மஞ்சக் கெழங்குகூட உன் கடையிலதான் வாங்கனேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள். "சாமிக்குன்னா சாமிகிட்ட போட மாட்டமா? பிஸ்கட் டப்பாக்கும் கோயிலுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களா நாங்க?"

"அப்ப பொட்டு வச்ச அப்பறம்தான எல்லாரும் போட்டீங்க?"

"பொட்டு வச்சி, பூ வச்சி இருந்திச்சி. காசு போடற எடம்னு தெரிஞ்சிது. இப்ப பாரு, குப்ப டப்பா மாதிரி வச்சிருக்க."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டவ் பாய் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அவரைத் திட்டவில்லை. மூன்று மாதமாக, பாவம் விவரம் தெரியாத ஜனங்கள் என்று நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவர்களில் ஒருத்தி என் முன்னால் நின்று எனக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாதம் மஞ்சள் கிழங்கு அத்தனை விற்றதே, ஏன் என்று ஒரு நாள் யோசித்தேனா? வெட்கமாகவும் இருந்தது, சொல்ல முடியாத நிம்மதியாகவும் இருந்தது. தூக்குச் சட்டியை எடுத்து முடிச்சுகளை அவள் முன்னால் கொட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, நீலக் கரை ஓடுகிற ஒன்றை எடுத்தாள்.

"இது என்து. இவரு பழைய வேட்டி."

தானே பல்லால் கடித்து அவிழ்த்து, ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தாள். கையில் இருந்த புது முடிச்சையும் அவிழ்த்து அதன் மேல் வைத்தாள். துணி இரண்டையும் உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத" என்றாள். "உன் தாள்ல ஒரு தப்பு இருக்கு."

"என்னா தப்பு?"

"திண்டிவனத்துக்குக் கடைசி பஸ்ஸு எட்டரைன்னு போட்டிருக்கியாம். இப்பல்லாம் எட்டுக்கே போயிடுது. எங்க கொழுந்தனாரு அத நம்பி பஸ்ஸ உட்டுட்டு, ராத்திரி பூரா இங்கயே பெஞ்சில பனியில படுத்துக் கெடந்தாரு."

அந்த நேரத்தை ஒரு கண்டக்டர் சொல்லி நான் எழுதினேன். பிறகு மாற்றியிருக்கிறார்கள். விளக்கு வைப்பதற்குள் நாங்கள் கடையைப் பூட்டிவிடுவோம், கடைசி பஸ்ஸை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. இந்த மூன்று மாதமும் யார் காசு, எந்தச் சாமி காசு என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே தவிர, எழுதியது சரியா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை பேர் அந்தப் பெஞ்சில் படுத்தார்களோ.

"தப்பா எழுதினதுக்கா ரெண்டு ரூபா குடுக்கற?" என்றேன்.

"திருத்தி எழுத பேப்பரு வேணாமா?" என்றாள்.

அதற்குள் பெஞ்சில் இருந்தவர், "பஸ்ஸு வருது, வா. வந்த எடமெல்லாம் பஞ்சாயத்து" என்று கத்தினார். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். அவரைத் தாங்கிப் பிடிக்க என் வீட்டுக்காரர் ஓடினார். அவரும் பாயும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஊர்ப் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் திரும்பி வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் அவிழ்க்காமல் கிடந்த மற்ற முடிச்சுகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு முடிச்சை எடுத்து மெல்ல அவிழ்க்க ஆரம்பித்தார். நான் அடுத்ததை எடுத்தேன்.

அன்று விளக்கு வைத்த பிறகும் கடையைப் பூட்டவில்லை. "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் தன் கைக்கடிகாரத்தோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். திண்டிவனம் பஸ் வந்தது, ஆளை ஏற்றிக்கொண்டது, கிளம்பியது. கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"எட்டுதான். எட்டுன்னு எழுது" என்றார். "மத்த ஊரு பஸ்ஸையும் நாளைக்கி நின்னு பாத்துடறேன்."

மறுநாள் நான் மதாமிடம் புது மெழுகுத் தாள் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தபோது, டப்பா தாள் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நடுவில் பெரிதாக ஒரு பொட்டு, கொஞ்சம் கோணலாக. நான் வைத்தால் அப்படிக் கோணாது.